இறுகிய தோளை இழுக்க வேண்டாம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக வேலை செய்யும் 46 வயது வாசகி ஒருவர் ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

பத்தொன்பது ஆண்டுகளாகத் தைக்கிறார். காலை எட்டரை மணிக்கு ஸ்டூலில் உட்கார்ந்தால், ஆர்டர் நெருக்கும் நாட்களில் ஒன்றரை ஷிப்ட் முடித்து வீடு திரும்ப இரவு ஒன்பதைத் தாண்டிவிடுகிறது. இரண்டு தோள்களும் பிடரியும் “ஈரத்துணி மூட்டையை ஏற்றி வைத்ததுபோல்” கனக்கின்றன. கூன் விழுகிறது என்று கணவர் அடிக்கடி சொல்கிறார். கல்லூரியில் படிக்கும் மகள் செல்போனில் வீடியோ பார்த்து அம்மாவுக்கு யோகா சொல்லிக்கொடுக்கிறாள். நான்கு மாதங்களாக அதிகாலை ஐந்து மணிக்குச் சர்வாங்காசனம் (தோளில் நின்று காலை மேலே நீட்டுவது), ஹலாசனம் (அந்தக் கால்களைத் தலைக்குப் பின்னால் இறக்குவது), கோமுகாசனம் (ஒரு கையை மேலிருந்தும் மறு கையைக் கீழிருந்தும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கோப்பது) என்று செய்துவருகிறார். கோமுகாசனத்தில் இடது கை ஓரளவு வருகிறது. வலது கை முதுகுப்பக்கம் போக மறுக்கிறது. மகள் பின்னால் நின்று அந்தக் கையைப் பிடித்து இழுத்துவிடுகிறாள். கண்ணில் நீர் வந்தாலும், இறுக்கம் விடும்போது வலிக்கத்தானே செய்யும் என்று பொறுத்துக்கொள்கிறார்.

கடிதத்தின் ஐந்தாம் பக்கத்தில், போகிற போக்கில் எழுதியதுபோல் மூன்று செய்திகள் வருகின்றன. ஆறு வருடங்களாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டு மாதமாக வலது கையால் பின்னல் போடவோ, உள்ளாடையின் கொக்கியை மாட்டவோ முடியவில்லை. வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் நடு இரவில் வலி எழுப்பிவிடுகிறது.

அவருடைய கேள்விகள் இவை: தோளைத் தளர்த்தவும் கூனை நிமிர்த்தவும் எந்த ஆசனம் நல்லது? நிமிர்ந்து உட்காராததுதான் இத்தனைக்கும் காரணமா? முதுகை நிமிர்த்தும் பெல்ட் வாங்கலாமா? எண்ணெய் போட்டு உருவி நெட்டி எடுப்பவரிடம் போகலாமா? முழு ஆசனம் வராவிட்டால் பலன் இல்லை என்று மகள் சொல்வது சரியா? வேலையை விட்டுவிடட்டுமா?

அன்புச் சகோதரி,

பன்னிரண்டு மணி நேரம் மெஷினோடு இருந்துவிட்டு, விடியும் முன்பே எழுந்து உடம்பைக் கவனிக்க வேண்டும் என்று நினைத்தீர்களே, அந்த எண்ணம் எனக்குப் பெரிய நம்பிக்கை தருகிறது. அதை வீணாக்கக் கூடாது என்பதற்காகவே சில விஷயங்களை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் இரண்டு வெவ்வேறு தொல்லைகள் இருக்கின்றன. நீங்கள் இரண்டையும் ‘இறுக்கம்’ என்ற ஒரே சொல்லில் போட்டுக் கட்டிவிட்டீர்கள். இரண்டு தோளும் பிடரியும் கனப்பது ஒன்று. அது களைப்பு. வலது கை முதுகுப்பக்கம் போகாமல் நிற்பதும், இரவில் எழுப்புவதும் வேறு. அது பெரும்பாலும் தசையில் இல்லை, மூட்டில் இருக்கிறது. முதலாவதற்கு யோகா மிக நல்ல துணை. இரண்டாவதை யோகா என்ற பெயரில் இழுத்தால் வலியும் கூடும், குணமாகும் காலமும் நீளும். எனவே மகள் கையைப் பிடித்து இழுப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். மற்றவற்றை நிதானமாகப் பேசுவோம்.

முதலில் கண்ணாடி முன்னால் ஒரு சோதனை

இதற்கு இரண்டு நிமிடம் போதும். கண்ணாடி முன்னால் நில்லுங்கள். இரண்டு முழங்கைகளையும் இடுப்போடு ஒட்டி வைத்து, கையில் தாம்பாளம் ஏந்துவதுபோல் முன்கைகளை முன்னால் நீட்டுங்கள். கட்டைவிரல்கள் மேலே பார்க்கட்டும். இப்போது முழங்கை இடுப்பை விட்டு நகராமல், இரட்டைக் கதவைத் திறப்பதுபோல் முன்கைகளை வெளிப்பக்கமாக விரியுங்கள். இடது கை எவ்வளவு திறக்கிறது, வலது கை எவ்வளவு திறக்கிறது என்று பாருங்கள்.

வலது கை பாதியில் நின்றுவிட்டால், மகளை அழைத்து அந்த மணிக்கட்டை வெளிப்பக்கமாக மிக மெதுவாகத் தள்ளச் சொல்லுங்கள். வலித்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அவள் தள்ளினாலும் கை, தாழ்ப்பாள் போட்ட கதவுபோல் அதே இடத்தில் நிற்கிறது என்றால், தோள் மூட்டைச் சுற்றியிருக்கும் உறையே தடித்துச் சுருங்கியிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். மருத்துவர்கள் இதை ஃப்ரோசன் ஷோல்டர் என்பார்கள். பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன் 1934-இல் வைத்த பெயர் அது. சித்த மருத்துவத்தில் கும்பவாதம் என்று சொல்லப்படும் நோயின் அறிகுறிகளும் இதோடு பெரிதும் ஒத்துப்போகின்றன. “வாயுப் பிடிப்பாக இருக்குமோ” என்று பக்கத்து வீட்டு அம்மா கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் சொன்ன பெயர் எதுவானாலும், இந்தத் தோள் சாதாரணப் பிடிப்பு இல்லை என்று கண்டுகொண்டிருக்கிறார்.

உங்கள் கை நீங்களாகத் திறக்க வரவில்லை, மகள் தள்ளினால் மட்டும் தாராளமாகப் போகிறது என்றால் கதை வேறு. தசைநாரில் கிழிசலோ பலவீனமோ இருக்கலாம். அதற்கும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

என் சந்தேகம் ஏன் மூட்டுறை மீது போகிறது என்று சொல்கிறேன். இந்த நோய் 40 முதல் 60 வயதுக்குள் வருவதே அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். சர்க்கரை உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அவர்களுக்கு வந்தால் பிடிவாதமாகவும் இருக்கும். தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் வரும். படுத்தால் வலி, முதுகுப்பக்கம் கை போகாதது, பின்னல் போட முடியாதது எல்லாம் அதன் முகவரிகள். கடிதத்தை வைத்துக்கொண்டு நோயை உறுதி செய்ய முடியாது. நேரில் பார்க்கும் எலும்பு மருத்துவர்தான் செய்ய முடியும். ஆனால் இது தெளிவாகும்வரை அந்தக் கையை இழுக்கக் கூடாது.

ஏன் கூடாது? முதல் கட்டத்தில் அந்த உறை அழற்சியோடு, சிவந்து வீங்கிய புண்போல் இருக்கிறது. அதைப் பலவந்தமாக நீட்டினால் அது மேலும் சினந்து, மேலும் இறுகுகிறது. காலை ஐந்து மணிக்குக் கண்ணீரோடு நீங்கள் பெற்ற அரை அங்குலம், இரவு பதினோரு மணிக்கு வலியாகத் திரும்பி வந்திருக்கிறது. வலி என்பது இறுக்கம் விடும் அடையாளம் என்ற நம்பிக்கையை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். நீட்டும்போது லேசாக இழுபடும் உணர்வு வரலாம். நிறுத்தியதும் அது அடங்கிவிட வேண்டும். அன்றிரவு வலி கூடினால் அளவு மீறிவிட்டது என்று பொருள்.

மருத்துவரிடம் போகும்போது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைப் பரிசோதனை முடிவையும் எடுத்துச் செல்லுங்கள். தைராய்டு பார்த்ததில்லை என்றால் அதையும் கேளுங்கள். ஆரம்ப கட்டமாக இருந்தால் மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்று அவர் சொல்லக்கூடும். பயப்பட வேண்டியதில்லை, சரியான நேரத்தில் போட்டால் வலி நன்றாகக் குறைந்து, பயிற்சி செய்ய வழி பிறக்கும். ஊசிக்குப் பிறகு சில நாட்கள் சர்க்கரை ஏறும் என்பதால், மாத்திரையை எப்படிச் சரிசெய்வது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். முழுதாகச் சரியாக ஒரு வருடத்திலிருந்து மூன்று வருடம்வரை ஆகலாம். கேட்கவே மலைப்பாக இருக்கும். ஆனால் வலி மிகுந்த கட்டம் அதற்கு வெகு முன்பே கடந்துவிடும், பெரும்பாலானவர்களுக்குக் கை வேலைக்குப் போதுமான அளவுக்குத் திரும்பி வருகிறது.

இனி, அந்த ஈரத்துணி மூட்டை

ஒரு மருத்துவ முகாமுக்காக ஒரு கம்பெனிக்குப் போயிருந்தபோது, ஓவர்லாக் மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். தைத்துக்கொண்டிருந்த பெண்ணின் இடது கை துணியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டே வந்தது. வலது கை ஊசியருகே வழிகாட்டியது. முழங்கைகள் இரண்டும் அந்தரத்தில் நின்றன. தைக்க வேண்டிய துணிக்கட்டான பண்டல் பாதிக்கு மேல் குறைந்து வேகம் கூடும்போது, அவருக்கே தெரியாமல் தோள்கள் காதை நோக்கி ஏறின. மூச்சைப் பிடித்துக்கொண்டார். நூல் அறுந்து மெஷின் நின்றபோதுதான் தோளும் இறங்கியது, மூச்சும் வெளியே வந்தது. பிறகு மறுபடி ஏறியது. இதைப் பத்தொன்பது ஆண்டுகளால் பெருக்கிப் பாருங்கள்.

தோள்பட்டை எலும்பு நம் உடம்பில் விசித்திரமான எலும்பு. காறையெலும்பின் வழியாக ஒரே ஒரு இடத்தில்தான் அது உடம்புக்கூட்டோடு எலும்பால் இணைந்திருக்கிறது. மற்றபடி முதுகின் மேல் அதைத் தாங்கிப் பிடித்திருப்பவை தசைகள் மட்டுமே. முன்னால் கை நீட்டி வேலை செய்யும் நேரமெல்லாம் அந்தத் தசைகள் கையின் கனத்தைத் தாங்குகின்றன. தலை முன்னால் குனிந்தால், கிட்டத்தட்ட ஐந்து கிலோ எடையுள்ள தலையையும் பிடரித் தசைகள் பிடித்துக்கொள்ள வேண்டும். இடைவெளியில்லாமல் தாங்கிக்கொண்டே இருக்கும் தசை தொட்டால் கட்டிபோல் உருண்டு தட்டுப்படும். நாம் அதை இறுக்கம் என்கிறோம். உண்மையில் அது களைத்துப்போன தசை. அதற்கு இரண்டு உதவிகள் தேவை: நடுநடுவே ஓய்வு, அன்றாடம் கொஞ்சம் வலு. இழுத்து நீட்டுவது சிறிது நேரம் சுகமாக இருக்கும், அவ்வளவுதான். களைத்தவரின் கையைப் பிடித்து இழுத்தால் களைப்பு போய்விடுமா?

ஆகவே, நிமிர்ந்து உட்காராததுதான் காரணமா என்ற கேள்விக்கு என் பதில்: இல்லை, அது மட்டும் இல்லை. ஒரே ஒரு ‘சரியான’ நிலையில் உட்கார்ந்தால் வலி வராது என்று யாராலும் நிரூபிக்க முடியவில்லை. கூனி உட்காரும் எல்லாருக்கும் வலிப்பதில்லை. விறைப்பாக நிமிர்ந்து உட்காருபவர்களுக்கும் வலிக்கிறது. பத்து மணி நேரம் எந்த நிலையில் அசையாமல் இருந்தாலும் உடம்பு முறையிடும். கணவர் “நிமிர்ந்து உட்கார்” என்று சொல்லும்போதெல்லாம் குற்றவாளிபோல் உணர்வதாக எழுதியிருந்தீர்கள். அந்தக் குற்ற உணர்வை இறக்கி வையுங்கள். தோளுக்கு ஏற்கெனவே போதுமான சுமை இருக்கிறது.

ஆனாலும் முதுகு நிமிர வேண்டும் என்பதற்கு நல்ல காரணம் ஒன்று உண்டு. இடது கையால் செய்து பாருங்கள். நன்றாகக் கூனிக்கொண்டு கையை மேலே தூக்குங்கள். பாதி வழியில் தடைபடும். இப்போது நெஞ்சை நிமிர்த்தித் தூக்குங்கள், காதோரம் போய்விடும். கை 180 டிகிரி மேலே போவதில் ஏறத்தாழ 120 டிகிரி தோள் மூட்டிலிருந்து வருகிறது. மீதி 60 டிகிரி தோள்பட்டை எலும்பு விலாக்கூட்டின் மேல் சறுக்கிச் சுழல்வதால் வருகிறது. மேல்முதுகு வளைந்து உறைந்திருந்தால் அந்த எலும்புக்குச் சறுக்க இடமில்லை. ஆகவே தோளைத் தளர்த்த நினைப்பவர் முதலில் மேல்முதுகை அசைக்க வேண்டும்.

உங்கள் கூன் எந்த வகை என்றும் பார்த்துவிடுங்கள். குதிகாலும் பின்புறமும் சுவரில் படும்படி நின்று, நாடியைத் தூக்காமல் தலையின் பின்பக்கத்தைச் சுவரில் வைக்க முடிகிறதா? முடிந்தால் அது பழக்கத்தால் வந்த வளைவு, பயிற்சிக்கு இணங்கும். எவ்வளவு முயன்றாலும் தலை சுவரைத் தொடவில்லை, உயரமும் குறைந்திருக்கிறது என்றால், எலும்பு மெலிவு இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்கட்டும். மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்குகிறீர்கள் என்பதால் இதைச் சொல்கிறேன். எலும்பு மெலிந்திருந்தால் முதுகை முன்னால் மடக்கும் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும்.

இப்போதைக்கு விட வேண்டியவை

சர்வாங்காசனமும் ஹலாசனமும் வேண்டாம். பார்வைக்குத் தோளில் நிற்பதுபோல் தோன்றினாலும், பழகாதவர்கள் செய்யும்போது உடம்பின் கனம் பிடரி எலும்புகளின் மேல்தான் விழுகிறது. நாள் முழுக்கக் குனிந்திருந்த கழுத்தை, விடியற்காலையில் உடம்பின் எடையோடு இன்னும் குனிய வைக்கிறீர்கள். சிரசாசனமும் அப்படியே. உங்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சர்க்கரையால் விழித்திரையில் பாதிப்பு இருந்தால், தலைகீழ் நிலைகள் கண்ணுக்குள் அழுத்தத்தைக் கூட்டி ஆபத்து உண்டாக்கும். ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்கிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. இல்லையென்றால் இந்த மாதமே செய்துகொள்ளுங்கள்.

கோமுகாசனத்தில் வலது கை வேண்டாம். வலது தோளில் எடை விழும் எதுவும், சூரிய நமஸ்காரத்தில் உடம்பைக் கைகளில் தாங்கி இறங்குவது உட்பட, தோள் தெளியும்வரை காத்திருக்கட்டும்.

நெட்டி எடுப்பவரிடமும் போக வேண்டாம். எண்ணெய் தடவி இதமாக உருவிவிடுவதில் குற்றம் இல்லை. களைத்த தசைக்கு அது சுகம். ஆனால் கழுத்தைப் பிடித்துச் சட்டென்று திருப்பி நெட்டி முறிப்பதில், மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழியும் ஆபத்து உண்டு. அரிதுதான், ஆனால் நேர்ந்தால் பக்கவாதம்வரை போகும். வலது தோளை மடக்கி முறுக்குவதும் மகள் இழுத்ததைவிட மோசமாக முடியும்.

பெல்ட்? காசை மிச்சப்படுத்துங்கள். அது கட்டியிருக்கும் நேரத்தில் தோளைப் பின்னால் பிடித்து வைக்கும். அவிழ்த்தால் பழைய நிலை. தசைக்கு வலு சேர்க்காது. ஏற்கெனவே வலிக்கும் தோளில் பட்டை அழுத்துவதும் இதமாக இருக்காது.

செய்ய வேண்டியவை

முழு ஆசனம் வராவிட்டால் பலன் இல்லை என்கிறாள் மகள். அவளிடம் இந்தச் செய்தியைச் சொல்லுங்கள். மைசூர் அரண்மனையில் 1930களில் யோகா கற்பித்து, பிற்காலத்தில் சென்னையில் வாழ்ந்த டி. கிருஷ்ணமாச்சாரியார், ஆசனத்துக்கு ஏற்ப ஆளை வளைக்காமல் ஆளுக்கு ஏற்ப ஆசனத்தை மாற்ற வேண்டும் என்ற வழியில் நின்றவர். அவருடைய மகன் டி.கே.வி. தேசிகாச்சார் 1976-இல் சென்னையில் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம் அந்த வழியைத் தொடர்கிறது. மூச்சோடு சேர்ந்து பலமுறை அசைந்துவிட்டுப் பிறகுதான் ஒரு நிலையில் தங்குவது அவர்கள் முறை. அவரிடம் பயின்ற பி.கே.எஸ். ஐயங்கார் நாற்காலி, கட்டை, கயிறு, மடித்த போர்வை என்று வீட்டுப் பொருட்களையெல்லாம் ஆசனத்துக்குத் துணையாக வைத்தவர். நாற்காலியைப் பிடித்துச் செய்யும் ஆசனம் பாதி ஆசனம் இல்லை. அந்த உடம்புக்கு அதுதான் முழு ஆசனம்.

காலையில் கால் மணி நேரம் போதும். எழுந்ததும் உடனே செய்யாமல், வெந்நீரில் குளித்தபின் செய்தால் தோள் இணங்கும். ஒத்தடம் கொடுப்பதானால் சூட்டை முதலில் இன்னொருவர் கையில் பார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோலில் சூடு உறைக்காமல் கொப்புளம் வந்துவிடுவது உண்டு.

முதலில் ஒரு போர்வையை உள்ளங்கை அகலத்துக்கு உருட்டி, மார்புக்கு நேர் பின்னால் முதுகுக்குக் குறுக்காக வைத்து மல்லாந்து படுங்கள். முழங்கால் மடங்கியிருக்கட்டும், தலைக்கு ஒரு தலையணை. மத்ஸ்யாசனத்தின் சாதுவான வடிவம் இது. கைகள் பக்கவாட்டில் கிடக்கட்டும். வலது முழங்கைக்கு அடியில் ஒரு மடித்த துண்டு வையுங்கள். மூன்று நிமிடம், மூச்சு விலாவை விரிக்கும்படி இழுத்து நீளமாக விடுங்கள். அன்றாடம் முன்னால் மடங்கும் மேல்முதுகு, இங்கேதான் எதிர்ப்பக்கம் போகிறது. வேறு எதற்கும் நேரமில்லாத நாளில் இதை மட்டுமாவது செய்யுங்கள்.

அடுத்தது மர்ஜரி ஆசனம், பூனைபோல் முதுகைக் குழித்து உயர்த்துவது. மண்டியிட்டுக் கையில் எடையைத் தாங்கினால் வலது தோள் வலிக்கும் என்பதால், சமையல் மேடையைப் பிடித்து நின்றபடி செய்யுங்கள். மூச்சை உள்ளிழுக்கும்போது நெஞ்சு முன்னால் வரட்டும், விடும்போது முதுகு பின்னால் வளையட்டும். எட்டு முறை. அதே மேடையைப் பிடித்தபடி இரண்டு அடி பின்னால் வந்து, இடுப்பில் மடங்கி, முதுகை நீட்டினால் அது அதோமுக ஸ்வானாசனத்தின் நின்ற வடிவம். தலை கைகளுக்குக் கீழே போக வேண்டாம். வலது தோள் ‘போதும்’ என்று சொல்லும் உயரத்தில் நின்றுவிடுங்கள்.

பிறகு வலு. குப்புறப் படுத்து, நெற்றியின் கீழ் ஒரு மடித்த துணி வைத்து, கைகள் இரண்டும் உடம்போடு ஒட்டியிருக்க, தலையையும் நெஞ்சையும் தரையிலிருந்து நான்கு விரல் அளவு மட்டும் தூக்குங்கள். கால்கள் தரையிலேயே இருக்கட்டும். பார்வை தரையில். தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் இடுப்பை நோக்கி இறக்குவதுபோல் நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று மூச்சு தங்கி இறங்குங்கள், ஐந்து முறை. இது சலபாசனத்தின் பாதி வடிவம். தோள்களை நடுமுதுகிலிருந்து தாங்க வேண்டிய தசைகள் இங்கே வேலை செய்கின்றன. அவை வலுவானால் பிடரியின் பாரம் குறையும். பாம்புபோல் நெஞ்சைத் தூக்கும் புஜங்காசனம் செய்ய ஆசையிருந்தால் செய்யலாம். கையை ஊன்றித் தள்ளி உயர வேண்டாம். முதுகே தூக்கும் உயரம் போதும். என்னைக் கேட்டால், ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் சலபாசனத்தைத்தான் தேர்ந்தெடுப்பேன். தோள் வலியோடு வருபவர்கள் நீட்டும் ஆசனங்களைத் தேடிக் கேட்கிறார்கள். இந்த எளிய தூக்கலை யாரும் கேட்பதில்லை.

கடைசியாக, பாதங்களை ஊன்றி நேராக நிற்கும் தாடாசனத்தில் நின்று கைகளை மூச்சோடு மேலே கொண்டுபோய் இறக்குவது. இடது கை முழுதாகப் போகட்டும். வலது கை வலியில்லாத உயரம்வரை போகட்டும். இடது கை அதன் மணிக்கட்டைத் தாங்கித் துணைக்குப் போகலாம். ஆறு முறை.

வலது தோளுக்கு மட்டும் இன்னொரு பயிற்சி உண்டு. காட்மன் பெயரால் வழங்குவது. இடது கையை மேசையில் ஊன்றி, முன்னால் சாய்ந்து, வலது கையைக் கிணற்றுக்குள் தொங்கும் வாளிபோல் தளர்வாக விடுங்கள். உடம்பை லேசாக ஆட்டினால் கை தானாக முன்னும் பின்னும், பிறகு சிறு வட்டமாகவும் ஆடும். ஒரு நிமிடம், நாளைக்கு மூன்று முறை. சிரமப்பட்டு ஆட்டக் கூடாது. மருத்துவர் பார்த்தபின் இயன்முறை மருத்துவர் உங்கள் கட்டத்துக்கு ஏற்ற பயிற்சிகளைச் சேர்ப்பார்.

கனமும் களைப்பும் குறைவதை ஆறு முதல் எட்டு வாரத்தில் உணர்வீர்கள். வலது தோளின் கணக்கு வேறு என்று முன்பே சொன்னேன். இரண்டையும் ஒரே தராசில் வைத்து மனம் தளர வேண்டாம்.

மெஷின் முன்னால்

கால் மணி நேர யோகா, பன்னிரண்டு மணி நேர வேலையைத் தனியாக ஈடுகட்டாது. எனவே ஓய்வை வேலைக்குள்ளேயே கொண்டுபோக வேண்டும். தைத்த எண்ணிக்கைக்குக் கூலி தரும் பீஸ் ரேட்டில் ஒவ்வொரு நிமிடமும் காசு என்பது எனக்குத் தெரியும். அதனால் பண்டல் முடியும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பண்டல் முடிந்து அடுத்ததை அவிழ்க்கும் முன், கைகளை மடியில் போட்டு, ஒரு நீண்ட மூச்சு விட்டு, தோள்களைக் காதுவரை உயர்த்தி ‘தொப்’பென்று விடுங்கள், மூன்று முறை. இருபது நொடிகூட ஆகாது. டீ நேரத்தில் உட்கார்ந்து குடிக்காமல் நின்று, நடந்து குடியுங்கள்.

ஸ்டூலின் உயரத்தைப் பாருங்கள். தைக்கும்போது முழங்கை மேசை மட்டத்துக்குக் கீழே இருந்தால் தோள் ஏறித்தான் ஆக வேண்டும். மடித்த துணியோ பலகையோ போட்டு உயர்த்திக்கொள்ளுங்கள். பெடலுக்குக் கால் எட்ட வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டூலை மெஷினுக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டால் கை நீட்டும் தூரம் குறையும். ஊசிமுனை தெரியாமல் குனிகிறீர்களா? 46 வயதில், கிட்டத்தில் பார்க்க உதவும் வெள்ளெழுத்துக் கண்ணாடி தேவைப்பட்டிருக்கலாம். விழித்திரைப் பரிசோதனைக்குப் போகும் அன்றே அதையும் பார்த்துவிடுங்கள். கூனுக்குக் கண் காரணமாக இருப்பதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

வேலையை விட்டுவிடட்டுமா என்று கேட்டீர்கள். இந்தத் தோளுக்காக விட வேண்டியதில்லை. முற்றிலும் அசைக்காமல் வைத்திருப்பதும் இந்த நோய்க்கு நல்லதில்லை. ஆனால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒன்றரை ஷிப்ட் வேண்டாம், ஒரு ஷிப்ட் போதும் என்று மேலாளரிடம் பேசுங்கள். மருத்துவர் எழுதித் தரும் சீட்டு கையில் இருந்தால் பேச எளிது. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் பணம், உங்கள் உரிமை. எலும்பு மருத்துவர், பரிசோதனைகள், மருந்து, இயன்முறை சிகிச்சை எல்லாம் அதன் மூலம் செலவில்லாமல் கிடைக்க வேண்டும். வேலை செய்ய முடியாத அளவுக்கு வலி இருந்து இ.எஸ்.ஐ. மருத்துவர் சான்று தந்தால், அதற்குரிய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டப்பட்டிருக்கும் பட்சத்தில், ஆண்டுக்கு 91 நாள்வரை ஊதியத்தில் 70 விழுக்காடு நோய்க்கால உதவித் தொகையாகக் கிடைக்கும். விடுப்பு எடுத்தால் அடுப்பு எரியாது என்று நினைத்து வலியை விழுங்கிக்கொண்டிருப்பவர்களில் பலருக்கு இது தெரிவதில்லை.

காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. கை மரத்துப்போவது, கையிலிருந்து பொருள் நழுவுவது, நடை தள்ளாடுவது, காய்ச்சலோடு தோள் வீங்குவது, காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள். நெஞ்சை அடைத்து, வியர்த்து, தோளிலும் தாடையிலும் வலி பரவினால் அது தோள் வலி இல்லை. ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு பெரிய வலியில்லாமலும் வரும் என்பதை வீட்டில் எல்லாரும் அறிந்திருக்கட்டும்.

இன்றிரவு மல்லாந்து படுங்கள். அல்லது இடப்பக்கம் ஒருக்களித்து, நெஞ்சுக்கு முன்னால் ஒரு தடித்த தலையணை வைத்து அதன்மேல் வலது கையைக் கிடத்துங்கள். தொங்காத தோள் அவ்வளவாக எழுப்பாது. மகளிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். அம்மாவுக்காக அவள் எடுத்துக்கொண்ட அக்கறை வீண்போகவில்லை. இனி காலையில் போர்வையை உருட்டி வைப்பதும், இரவில் அந்தத் தலையணையைச் சரியாக வைப்பதும் அவள் வேலையாக இருக்கட்டும். மாதம் ஒருமுறை கண்ணாடி முன்னால் வலது கை எவ்வளவு திறக்கிறது என்று அவளே பார்த்துக் காலண்டரில் குறித்துவைக்கட்டும். மருத்துவரிடம் போகும்போது அதையும் காட்டுங்கள்.